கேக்கின் மேற்பூச்சும் அலங்காரமும்: வீட்டிலே செய்வோர்க்குச் சில பாடங்கள்

பிறந்தநாளன்று கேக் வெட்டும் வழக்கம் முன்னர்ப் பெரும்பாலும் நகரத்து வீடுகளோடு நின்றிருந்தது. இன்றோ அது சிற்றூர்களிலும் பரவிவிட்டது. அவ்வழக்கம் வேண்டுமா, வேண்டாவா என்பது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. எனினும், வந்துவிட்ட வழக்கத்திற்காகச் செலவாகும் பணம் ஊரை விட்டு வெளியே போகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கேக்கிற்கு வேண்டிய முட்டை, வெண்ணெய், சர்க்கரை ஆகியவை உழவர் உழைப்பால் விளைபவை. புள்ளி பிசகாமல் கோலமிடும் கைகளும் நம் வீடுகளில் நிரம்ப உண்டு. ஆதலால் கேக் அலங்காரம், மகளிர் சுய உதவிக் குழுக்கள் மேற்கொள்ளத்தக்க ஒரு சிறு தொழிலாகும்.

ஆயினும், கேக் அலங்கார முறைகளிற் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் தோன்றியவை. வேலூர், திருத்தணி, கரூர் முதலிய இடங்களில் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்ஷியஸைக் கடப்பதுண்டு. வெண்ணெயோ ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். எனவே, அழகாக அமைந்த பூவும் கொடியும் விழா தொடங்குமுன்னரே வழிந்தோடிவிடக்கூடும். வழிந்த கேக்கினால் பொருள் நட்டம்; கெட்ட கேக்கினாலோ குழந்தைகளின் உடல்நலத்துக்கே கேடு. ஆகவே, நம் வெப்பத்திற்கேற்ற மேற்பூச்சைத் தேர்ந்து, அதைத் தூய்மையாகச் செய்வதே இத்தொழிலின் முதற்பாடம்.

அந்தந்த இடத்திற்கேற்ப முறையை மாற்றிக்கொள்வது புதிய செய்தியன்று. மாம்பள்ளி பாப்பு என்பவர் 1883-ஆம் ஆண்டில் தலைச்சேரியில் கிறிஸ்துமஸ் கேக் செய்தபோது, உள்ளூர் முந்திரிப் பழத்திலிருந்தும் கதலிப் பழத்திலிருந்தும் வடித்த மதுவை அதிற் சேர்த்தார் என்பர்.

மேற்பூச்சின் வகைகள்

மேற்பூச்சுக்கு அடிப்படை ஐசிங் சர்க்கரை. இதனை வீட்டிலேயே தயாரிக்கலாம். ஈரமில்லாத மிக்ஸியில் 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையுடன், கார்ன்ஃப்ளவர் என்று கடைகளில் விற்கும் மக்காச்சோள மாவு ஒரு தேக்கரண்டி சேர்த்து நைய அரைத்து, மெல்லிய துணியில் இருமுறை சலித்துக்கொள்ள வேண்டும். குருணை நின்றால் அலங்காரக் குழல் அடைத்துக்கொள்ளும்.

முதல் வகை, சர்க்கரைப் பாகு போன்ற எளிய பூச்சு. ஐசிங் சர்க்கரை 100 கிராமுக்குத் தண்ணீர் அல்லது எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி வீதம் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைத்து, கேக்கின்மேல் ஊற்ற வேண்டும். இதில் கொழுப்பு இல்லாததால் வெயிலில் உருகாது. சர்க்கரை மிகுந்திருப்பதால் எளிதில் கெடுவதுமில்லை. சிக்கனமானது, புதிதாகத் தொழில் கற்போர்க்கு மிகவும் உகந்தது.

இரண்டாவது, வெண்ணெய்ப் பூச்சு. எடையில் ஒரு பங்கு உப்பில்லா வெண்ணெய்க்கு இரு பங்கு ஐசிங் சர்க்கரை என்பது கணக்கு. பதினெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டக் கேக்கிற்கு 125 கிராம் வெண்ணெயும் 250 கிராம் சர்க்கரையும் போதுமானவை. வெண்ணெயை முதலில் வெளிறி மிருதுவாகும்வரை அடித்து, பின்னர்ச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இறுதியில் ஒரு கரண்டி பால் விட்டு அடிக்க வேண்டும். கோடை நாட்களில் வெண்ணெயின் நான்கில் ஒரு பங்கை நீக்கி, அதற்கு ஈடாக வனஸ்பதி சேர்த்தால் பூச்சு சற்று அதிக வெப்பத்தைத் தாங்கும். வனஸ்பதி போன்ற கொழுப்புக்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தை மிஞ்சலாகாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே உறையிலுள்ள விவரத்தைப் படித்தறிந்த பின்னரே வாங்குக.

மூன்றாவது, அடித்த கிரீம் பூச்சு. மக்கள் இன்று மிகுதியும் விரும்புவது இதுவே. மிகுந்த எச்சரிக்கை வேண்டுவதும் இதுவே. பால் கிரீமில் கொழுப்பு 30 சதவீதத்திற்குக் குறைந்தால் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. கிரீமும் பாத்திரமும் நன்கு குளிர்ந்திருத்தல் வேண்டும். பாத்திரத்தைப் பனிக்கட்டி நிரம்பிய அகன்ற தட்டின்மேல் வைத்து அடிப்பது நலம். நாளில் பலமுறை மின்சாரம் தடைப்படும் ஊரிலும், குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் இவ்வகையை மேற்கொள்ளாதிருப்பதே அறிவுடைமை.

நான்காவது, முட்டை வெண்கருவும் ஐசிங் சர்க்கரையும் கூட்டி அடித்த பூச்சு. இது காய்ந்தபின் கெட்டியாகி வெயிலிலும் நிலைக்கும். பூ, எழுத்து ஆகியவற்றிற்கு ஏற்றது. ஆனால் பச்சை வெண்கருவில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். எனவே பாஸ்டர் முறையில் பதப்படுத்திய வெண்கருத் தூளையே பயன்படுத்துதல் நன்று.

பூசும் முறை

கேக் அடுப்பிலிருந்து எடுத்தபின் முற்றிலும் ஆறவேண்டும். இதற்கு இரண்டு மணி நேரமேனும் பிடிக்கும். சூடு சிறிதிருந்தாலும் பூச்சு வழுகிவிடும். மேற்புறம் புடைத்திருந்தால், நீண்ட கத்தியால் சீவிச் சமமாக்குக. அடிப்புறம் மேலே வருமாறு கவிழ்த்து வைத்தால் பரப்பு தட்டையாக அமையும்.

வெண்ணெய்ப் பூச்சையும் கிரீமையும் இரண்டு தடவையாகப் பூச வேண்டும். முதற்பூச்சு மிக மெல்லியதாக இருக்கட்டும். சுவருக்கு வண்ணம் அடிக்குமுன் சுண்ணாம்பு அடிப்பது போன்றது இது. உதிரும் துகள்களை இது பற்றிக்கொள்ளும். அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்த பின்னர் இரண்டாம் பூச்சைக் கனமாக இட்டு, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் மழுப்பினால் பரப்பு கண்ணாடிபோல் அமையும்.

பூவேலைக்கு, மருதாணி இடுவதற்குச் சுருட்டும் கூம்பைப்போலப் பட்டர் பேப்பரில் கூம்பு செய்து, நுனியை வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்கும் உலோகக் குழல்கள் பின்னர் வரலாம். புள்ளியும் மொட்டும் வைக்கும்போது கூம்பைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கோடும் கரையும் இழுக்கும்போது ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். கையின் அழுத்தம் மாறாதிருப்பதில்தான் திறமை உள்ளது. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் பழகினால், பூச்சை வழித்தெடுத்து மீண்டும் மீண்டும் பழகலாம், பொருள் வீணாகாது.

வண்ணத்தில் எச்சரிக்கை

பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது நேயர்கள் அறிந்ததே. கண்ணைப் பறிக்கும் அதே ரோஜா நிறத்தைக் கேக்கின்மேல் காணும்போதும் ஐயுற வேண்டும். உறையில்லாமல் பொட்டலங்கட்டி விற்கும் சாயத்தூளை ஒருபோதும் வாங்கலாகாது. உணவு வண்ணத்தின் உறையில் 14 இலக்கமுள்ள உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், காலாவதி நாளும் அச்சிட்டிருத்தல் வேண்டும்.

தோட்டத்திலேயே கிடைக்கும் வண்ணங்களும் உண்டு. பீட்ரூட் சாறு இளஞ்சிவப்பும், மஞ்சள்தூள் பொன்னிறமும் தரும். சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்தால் நீலம் கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் ஊதாவாக மாறும். சாற்றை அடுப்பில் சுண்டவைத்து, ஆறியபின் சேர்த்தால் பூச்சு நீர்த்துப் போகாது.

உயிர்ப்பூக்களை வைப்பதிலும் கவனம் தேவை. அரளி நச்சுத்தன்மை உடையது. கடைப்பூக்களில் பூச்சிமருந்து படிந்திருக்கலாம். மினுக்குத் தூள்களில் உண்ணத்தக்கது என்று அச்சிட்டவற்றையே தூவ வேண்டும். ஊசி, குண்டூசி ஆகியவற்றைக் கேக்கில் செருகுதல் அறவே கூடாது. மெழுகுவத்தி எரியும்போது பனிபோல் நுரை பீய்ச்சும் டப்பாக்களை எவரும் கையாளாதவாறு, கேக் வாங்குவோரிடம் சொல்லியனுப்புவதும் செய்பவரின் கடமை. அந்நுரையை வெளித்தள்ளும் வாயு எளிதில் தீப்பற்றும்.

தூய்மையும் பாதுகாப்பும்

உணவில் கிருமிகள் 5 முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் விரைந்து பெருகும். ஆகவே கிரீம் கேக்கை வெளியே இரண்டு மணி நேரத்திற்கு மேலும், 32 டிகிரியைக் கடந்த வெயிற்காலத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் வைத்திருத்தல் ஆகாது. கையில் புண் உள்ளவர் கிரீமைத் தொடலாகாது. புண்ணிலிருந்து பரவும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சுவையிலோ மணத்திலோ தெரிவதுமில்லை.

அயலூருக்கு அனுப்பும்போது கேக் அசையாத அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, அதனைத் தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கி, உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளைப் பக்கத்தில் அடுக்குக. சேருமிடத்தில் பெட்டியை உடனே திறந்தால் குளிர்ந்த கேக்கின்மேல் ஈரம் படிந்து வண்ணம் கலங்கும். சில நிமிடம் மூடியே வைத்திருந்து, பின்னர் நிழலில் திறக்க வேண்டும்.

வருவாயும் ஊராட்சியின் கடமையும்

விலை குறிக்கும்போது மூலப்பொருளுடன் எரிபொருள், மின்சாரம், பெட்டி, போக்குவரத்து, உடைந்து வீணானவை, தம் உழைப்பு நேரத்திற்குரிய கூலி ஆகிய அனைத்தையும் கணக்கிலெழுத வேண்டும். நம் வீட்டுப் பெண்டிர் தம் கூலியைக் கணக்கிலெழுத மறப்பது வழக்கம். அதனாலேயே, விற்பனை நன்கு நடந்தும் கையிருப்பு காணாத நிலை ஏற்படுகின்றது.

விற்பனைக்குச் செய்வோர், சிறு அளவிலேயே செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு பெறுதல் சட்டப்படி கட்டாயம். பதிவைச் சுமையெனக் கருதுவோர் உண்டு; வாங்குவோர் நம்பிக்கை கொள்வதற்கு அதுவே சான்று என்பதை அவர்கள் உணர வேண்டும். வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் கட்டணமின்றித் தொழிற்பயிற்சி அளிக்கின்றன. இச்செய்திகளைக் கிராம சபையிலும், குழுக்களின் கூட்டங்களிலும் எடுத்துரைப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களின் பொறுப்பு. குழுவுக்குப் பொதுவாக ஒரு குளிர்ப்பெட்டியும் ஒரு நல்ல தராசும் அமைந்தால், தனியொருவரால் இயலாத வேலை பலருக்கும் எளிதாகும்.

தம் ஊர்க் குழந்தைகள் உண்ணும் பண்டம் இது என்னும் எண்ணம் செய்பவர் மனத்தில் நிலைத்திருக்கட்டும். பூ ஒன்று சற்றே கோணலாக அமைந்தால் யாரும் குறை கூறார். ஒரு குழந்தை நோயுற்றாலோ, ஊரார் அந்த வீட்டுக் கேக்கைப் பின்னர்த் தொடமாட்டார்கள். ஆகவே முதல் மாதம் எளிய சர்க்கரைப் பூச்சிலேயே கை பழகி, தூய்மையைப் பழக்கமாக்கிக்கொண்டு, பின்னர்ப் படிப்படியாக மற்ற வகைகளுக்குச் செல்லுமாறு இத்தொழிலில் இறங்குவோரைக் கேட்டுக்கொள்கிறோம்.