மதிப்பெண்ணுக்கு முன்னால் மகன்

கேள்வி: எஸ்பிஎம் தேர்வில் மகன் கணிதத்தில் தேறவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேசவே வாய் வரவில்லை. நான் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவன். அவனைப் பார்த்தால் என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது.
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது ஐயா. உங்கள் கோபத்தில் பாதி உங்கள்மேலேயே.

நீங்கள் படித்த நாளில், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்தாலும் இடைநிலைப்பள்ளிக்கு முன் புகுமுக வகுப்பு என்று இன்னோர் ஆண்டு காத்திருந்த காலம் அது. விடியலில் அம்மாவோடு பால்மரக் காட்டில் மங்கு துடைத்துவிட்டு, கையில் கட்டிப்பால் வாடையோடு வகுப்புக்கு ஓடிய பிள்ளைகள் எத்தனையோ பேர் பாதியில் நின்றுபோனார்கள். அது அவர்கள் குற்றமா? உங்களுக்குள் இருக்கும் அந்தச் சிறுவனைத் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

மகனோடு மறுபடி பேசத் துணிச்சல் வேண்டும்தான். ஜப்பானியர் காலத்தில் பாப்பான் ஊரில் தாதியாக இருந்த சிபில் கார்த்திகேசு அம்மையார், காயத்தோடு வந்த எதிர்ப்புப் போராளிகளுக்கு ரகசியமாக மருந்திட்டார். 1943இல் கைதாகிச் சித்திரவதைப்பட்டார். அந்தத் துணிச்சலை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. இன்றிரவு மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். தேர்வுப் பேச்சை எடுக்காதீர்கள். சொந்தக்காரர்கள் முன்னால் அவனைக் குறைத்துப் பேசவே கூடாது. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கணிதத்தை அவன் மறுபடி எழுதலாம். கைத்தொழிலில் நாட்டமிருந்தால், ஈப்போவில் இருக்கும் ஐஎல்பி தொழிற்பயிற்சிக் கழகத்துக்கு இருவரும் ஒன்றாகப் போய் விசாரியுங்கள். எந்தப் பிரிவு என்பதை அவன் சொல்லட்டும்.