வண்டி பேட்டரிக்கு பியூஸ் எங்கே?

மஃரிப் நேரம் நெருங்கினால் பேகம்பூரிலும் நாகல் நகரிலும் தள்ளுவண்டிக் கடைகளில் விளக்கு எரியத் தொடங்கும். பல வண்டிகளில் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. விளக்கு, அடுப்பு புளோயர், ஸ்பீக்கர், செல்போன் சார்ஜர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

நம் அறக்கட்டளை உதவியில் வாங்கிய வண்டி ஒன்றில், சென்ற மழைக்காலத்தில் ஒயர் தீய்ந்து புகை கிளம்பியது. தகர விளிம்பில் உரசி இரண்டு ஒயர்களின் தோலும் தேய்ந்து, உள்கம்பிகள் ஒன்றையொன்று தொட்டிருந்தன. பியூஸ் இல்லை. பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர். அந்தச் சகோதரர் சட்டென்று பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டார். கை சுட்டதோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். வண்டி வாங்கித் தந்த நாம் அதன் ஒயரிங்கைப் பார்க்கவில்லை. அந்தக் குறைக்காகத்தான் இந்தப் பாடம்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் நாம் அலட்சியமாக இருக்கிறோம். ஆனால் ஷார்ட் ஆனால் அந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிய ஒயர் சில நொடிகளில் பழுத்துவிடும். பியூஸ் விளக்கைக் காப்பதற்கல்ல, ஒயரைக் காப்பதற்கு. எனவே அது விளக்குப் பக்கத்தில் இருந்தால் பயனில்லை. பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகில் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

இதைப் படகுக்காரர்களிடம் கற்கலாம். பாம்பன் பக்கத்து பைபர் படகுகளிலும் விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் பேட்டரியில்தான் ஓடுகின்றன. நடுக்கடலில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடமில்லை. அமெரிக்கப் படகுத் தரவிதி, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும் என்கிறது. நம் வண்டிக்கும் அதே அளவை வைத்துக்கொள்வோம்.

செய்ய வேண்டியவை:

1. பிளஸ் முனை அருகே 10 ஆம்பியர் மெயின் பியூஸ். அதன்பின் விளக்குக்கு 3, சார்ஜருக்கு 3, புளோயருக்கு 5 என்று தனித்தனி பியூஸ். ஒன்று போனாலும் மற்றவை ஓடும். போன பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றவே கூடாது.

2. ஒயர் கனமாக இருக்கட்டும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் 10 மீட்டர் ஒயர். 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே வீணாகும். 2.5 சதுர மி.மீ. என்றால் 0.35 வோல்ட்தான். விளக்கு மங்கினால் பேட்டரியைக் குறை சொல்லுமுன் ஒயரைப் பாருங்கள்.

3. முறுக்கி டேப் ஒட்டுவது இணைப்பல்ல. லக் வைத்து அழுத்தி, நட்டால் இறுக்குங்கள். லூஸ் இணைப்பு சூடாகும். தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் ஒயரை விடுங்கள்.

4. பேட்டரியை ஆடாமல் கட்டுங்கள். அடுப்பு, சிலிண்டரிலிருந்து விலக்கி வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய அறையிலும், நெருப்பருகிலும் சார்ஜ் போடாதீர்கள்.

5. 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் 5 ஆம்பியர் வீதம் 4 மணி நேரம் ஓட்டினால் பாதி தீர்ந்துவிடும். அதற்கும் கீழே தினமும் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும். இரவே சார்ஜ் போடுங்கள்.

பியூஸும் ஹோல்டரும் பெரிய செலவல்ல. அதற்கும் கையில் காசில்லை என்றால் கூச்சப்படாமல் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்று கடை விரிக்குமுன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள்: உங்கள் வண்டியில் பியூஸ் எங்கே இருக்கிறது?