தொலைவும் காலமும்

ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் செல்ல விரும்புவோர் முதற்கண் கேட்கும் வினாக்கள் இரண்டு. ‘எவ்வளவு தொலைவு?’ என்பது ஒன்று. ‘எவ்வளவு நேரம் ஆகும்?’ என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை தெரிந்தால் பின்னதற்கும் விடை தெரிந்துவிடும் எனப் பலர் கருதுவர். அவ்வாறன்று என்பதை நமக்கு அறிமுகமான இரண்டு ஊர்களைக் கொண்டே அறியலாம்.

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்தவை. நிலப்படத்தில் இவ்விரண்டையும் நேர்கோட்டால் இணைத்து அளந்தால் தொலைவு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் ஆகும். பறவை பறந்து செல்லும் வழி இதுவே. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய நிலையங்களைத் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதை, ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளம் உடையது. சாலை வழித் தொலைவு 40 கிலோமீட்டரை நெருங்கும்.

மாட்டு வண்டியில் சென்ற நாளில் இவ்வழியைக் கடக்க ஒரு பகற்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. இன்று பேருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடக்கின்றது. விரைவு இரயில் வண்டிக்கு அதனினும் குறைந்த நேரமே போதும். தொலைவு குறையவில்லை, காலமே சுருங்கியது.

அங்ஙனமாயின், மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் வானூர்தி இத்தொலைவை மூன்று நிமிடத்திற்குள் கடக்குமன்றோ? கணக்கு அவ்வாறே கூறும். ஆனால், பெரிய வானூர்தி தரையினின்று எழுந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தை அடைவதற்கே ஏறக்குறைய இருபது நிமிடம் வேண்டும். அதற்குள் திண்டிவனம் நெடுந்தொலைவு பின்தங்கிவிடும். ஆதலால் குறுந்தொலைவுக்கு வானூர்தி பயன்படாது.

நெடுந்தொலைவிலேயே அதன் சிறப்பு விளங்கும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். எனினும், ஏறுதல், இறங்குதல், காற்றின் போக்கு ஆகியவற்றால் பயணம் நான்கு மணி நேரத்தை எட்டும். இரவு 10 மணிக்குப் புறப்படுபவர் நான்கு மணி நேரம் பறந்து அங்கே இறங்கும்போது, அவ்வூர்க் கடிகாரம் விடியற்காலை 4.30 எனக் காட்டும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தினும் இரண்டரை மணி முந்தியது. இதனை அறியாதவர், ஆறரை மணி நேரம் பறந்ததாக மயங்குவர்.

இயற்கையும் நம் கணக்கை மாற்றவல்லது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை பொழிந்தது. டிசம்பர் 2-ஆம் நாள், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையேயுள்ள இருப்புப்பாதைப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்தது. அவ்வழியே இரயில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. சில காட்பாடி வழியாகத் திருப்பி விடப்பட்டன. அரைமணிப் பயணம் அன்று பல மணிப் பயணமாயிற்று. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, வழிதான் அடைபட்டது.

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. திண்டிவனத்திலிருந்து நோயாளி ஒருவரை அங்கே கொண்டு செல்வோர் கிலோமீட்டரை எண்ணுவதில்லை, நிமிடங்களையே எண்ணுவர். நல்ல சாலையும், உறுதியான பாலமும், வழிவிடும் பண்புடைய மக்களும் அந்நிமிடங்களைக் குறைக்க வல்லவை. மாணவர்களே! தொலைவை அளக்கக் கோல் போதும். காலத்தை அளக்க வழியின் இயல்பையும் அறிதல் வேண்டும். அதனை அறிந்து முன்னரே புறப்படுபவர் உரிய நேரத்தில் ஊர் சேர்வர்.