உதவித்தொகையும் பட்டாவும்

இராமநாதபுரம் ஜில்லா கண்மாய்களையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிய பூமி. மழை பொய்த்த வருஷத்தில் நெல்லும் மிளகாயும் கருக, கடன் மட்டும் வளரும். இத்தகைய குடியானவருக்கு உதவும் பொருட்டு 2019-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி மத்திய சர்க்கார் பிரதம மந்திரி கிசான் திட்டத்தைத் தொடங்கினர். வருஷத்திற்கு ரூ. 6,000, தவணைக்கு ரூ. 2,000 வீதம் மூன்று தவணைகளில், நேரே பாங்கிக் கணக்கில் சேரும்.

இத்தொகை ஏரைப் பின்பற்றுவதன்று, பட்டாவைப் பின்பற்றுவது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கு இது கிடையாது. தகப்பனார் காலஞ்சென்ற பின்னும் பட்டா அவர் பெயரிலேயே கிடப்பின், அந்நிலத்தை உழும் மகனுக்கும் எட்டாது. ஆதலின் வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்வதே முதற்காரியம். பொய்ப் பதிவு செய்துதரும் தரகரை நாடலாகாது. 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியற்றோர் பலர் சேர்க்கப்பட்டது வெளிப்பட்டு, பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது.

குத்தகைதாரருக்கு வேறு வழி உண்டு. 2016-இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அவரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு, காப்பீடு செய்யும் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாயே அவர் செலுத்தும் பங்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, குறித்த கெடுவுக்குள் கூட்டுறவுச் சங்கத்தில் பதிதல் வேண்டும். கெடு கடந்தபின் மழையை நொந்து பயனில்லை.