எலும்பும் செங்கோலும்



படக்கதை சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மில் பலர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இயற்பியல் பயிலத் திருவனந்தபுரம் வந்த நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இங்கு மலையாள எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க எனக்குத் துணைநின்றவை டோம்ஸ் வரைந்த ‘போபனும் மோளியும்’ படங்கள். அக்குழந்தைகளின் பின்னே ஒரு நாய்க்குட்டி ஓயாது ஓடிவரும். அதைக் கண்டதும் இளமையில் படித்த மற்றொரு நாயின் நினைவு வந்தது. அது கற்பித்த பாடத்தையே இங்கு எழுதுகின்றேன்.

பெல்ஜிய நாட்டு ஓவியர் ஹெர்ஷே 1929-இல் டின்டின் என்னும் இளம் செய்தியாளனையும், அவன் துணையாக ஸ்நோவி என்னும் சிறு வெண்ணாயையும் படைத்தார். வங்காளிகள் அந்நாயைக் ‘குட்டுஷ்’ என்று அழைப்பர். இவ்விருவரும் வரும் மர்மக் கதைகளுள் ஒன்று ‘ஆட்டோகர் மன்னரின் செங்கோல்’. ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய 1938-ஆம் ஆண்டிலேயே அது தொடராக வெளிவரத் தொடங்கியது. கதையில் வரும் சூழ்ச்சித் தலைவனின் பெயர் முஸ்ட்லர். முசோலினி, ஹிட்லர் என்னும் இரு பெயர்களையும் ஒட்டினால் வருவது அது.

சில்டேவியா என்னும் கற்பனை நாட்டில், ஆண்டு விழாவன்று மன்னர் கையில் செங்கோல் இருத்தல் வேண்டும். இல்லையேல் அவர் முடிதுறக்க வேண்டும். செங்கோல் வளைந்ததென்று அறிந்த அளவிலே உயிர்நீத்த பாண்டியனைச் சிலப்பதிகாரத்தில் கண்ட நமக்கு இது புதுமையன்று. அச்செங்கோல் காவல் மிகுந்த அறையிலிருந்து மறைகிறது. படம் பிடிக்க வந்தவரின் கருவியிலிருந்து புகை எழ, உள்ளிருந்தோர் மயங்குகின்றனர். எல்லாரையும் சோதித்தும் செங்கோல் அகப்படவில்லை. சன்னலிலோ கம்பிகள், கையால் எறிந்தால் கம்பியில் முட்டும்.

“எடுத்தவர் யார்?” என்று பிறர் கேட்க, “எவ்வழியே சென்றது?” என்று டின்டின் கேட்கிறான். கடையொன்றில் கண்ட பொம்மைப் பீரங்கி விடை தருகிறது. படக்கருவிக்குள் இருந்தது வில்சுருள்! அழுத்திய சுருளில் தேங்கிய ஆற்றல், விடுபட்டதும் இயக்க ஆற்றலாகிச் செங்கோலைக் கம்பிகளினூடே வெளியே செலுத்திவிட்டது. நாம் வகுப்பில் கற்பதும் இதுவன்றோ?

பகைவரைத் துரத்திச் செங்கோலை மீட்கும் டின்டின், முடிவில் அதைத் தவறவிடுகிறான். கவ்வி எடுப்பது ஸ்நோவி. வழியில் ஓர் எலும்பு கிடக்கிறது. வாய் ஒன்று, பொருள் இரண்டு. நாய் தயங்குகிறது, பின் எலும்பை விட்டுச் செங்கோலை மன்னரிடம் சேர்க்கிறது. ஆனால் 1960-இல் நூலாக வந்த ‘திபெத்தில் டின்டின்’ கதையில், உதவி வேண்டி எழுதிய கடிதத்தைப் போட்டுவிட்டு எலும்பையே கவ்வுகிறது. பின்னர் வெட்கி, மடத்துக்கு ஓடித் துறவிகளை அழைத்து வருகிறது.

இவ்விரண்டாம் கதை என் கதையும் ஆகும். சென்ற ஆண்டு ஜெர்மானியப் படிகத்தின் மின்தடை வெப்பத்தால் மாறுவதை அளந்தேன். உயர் வெப்பநிலைப் புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தன. தாழ்ந்த வெப்பநிலையில் நான்கு புள்ளிகள் விலகி நின்றன. கோடு அழகாக வேண்டுமே என்று அந்நான்கையும் அழித்துவிட்டேன்! ஆசிரியர் வரைபடத்தை நோக்கி, “கீழே ஏன் ஒன்றுமில்லை?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் உண்மையைச் சொல்லி, மீண்டும் அளந்தேன். புள்ளிகள் அவ்வாறே விலகின. படிகத்தில் கலந்த வேற்றணுக்கள் தரும் மின்னூட்டங்களே அங்கு ஆட்சி செய்கின்றன என்று பின்னரே அறிந்தேன். நான் அழித்தது பிழையை அன்று. இயற்கை சொன்ன செய்தியை.

தோழர்களே! அழகிய கோடு எலும்பு. அளந்த அளவே செங்கோல். இரண்டும் ஒரு வாயில் அடங்கா. தவறிக் கீழே போட்டவரும் திரும்பி ஓடலாம் என்பதற்கு அச்சிறு நாயே சான்று.