அம்புலன்ஸ் வரும் வரை: முதலுதவியாளராகவும் அவசர மருத்துவ உதவியாளராகவும் பயிற்சி பெறுவது எப்படி?

நீண்ட காலத்துக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றை வெட்டுகிறீர்கள், தூர்ந்த கிணற்றை இறைக்கிறீர்கள், கூரை போடுகிறீர்கள். பாம்பு கடிப்பதும், ஏணியிலிருந்து ஆள் விழுவதும், சுற்றுக்கட்டு இல்லாத கிணற்றில் பிள்ளை தவறி விழுவதும் இந்த வேலைகளின் நடுவேதான். முகாமில் இருந்தபோது மருத்துவ நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருந்திருக்கலாம். மீளக் குடியேறிய பல ஊர்களில் அப்படியில்லை. அம்புலன்ஸ் வந்து சேரும் வரையுள்ள நேரத்தில் காயப்பட்டவரின் உயிர் பக்கத்து வீட்டுக்காரரின் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பயிற்சி பெற்றவராக இருந்தால் ஊருக்கு நன்மை. அதே பயிற்சி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொழிலுக்கான முதற்படியாகவும் அமையலாம். அந்த வழியைப் படிப்படியாக விளக்குவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

1. இந்தத் தொழில் எது?

நமது நாட்டில் “துணை மருத்துவம்” என்ற சொல் இரண்டு வேறு வேலைகளைக் குறிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான இடத்தில் விண்ணப்பித்துக் காலத்தை இழப்பீர்கள்.

முதலாவது, அம்புலன்ஸில் வந்து சம்பவ இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கும் அவசர மருத்துவ உதவியாளர். 1990 ‘சுவசெரிய’ வண்டிகளில் சாரதியுடன் வருபவர் இவரே. இந்தச் சேவை இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த தொடக்க நிகழ்வுடன் வட மாகாணத்துக்கும் வந்தது. இதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, வைத்தியசாலைக்குள் பணிபுரியும் மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர், இயன்மருத்துவர் போன்றோர். இவற்றுக்குப் பொதுவாக உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றைப் பட்டப்படிப்பாகவும் கற்கலாம்.

இந்தப் பாடம் முதலாவது வேலையைப் பற்றியது.

2. முதற்படி: முதலுதவிச் சான்றிதழ்

இலங்கை செஞ்சிலுவைச் சங்கமும் சென். ஜோன்ஸ் அம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி நடத்திச் சான்றிதழ் வழங்குகின்றன. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மாவட்டந்தோறும் கிளை உண்டு. உங்கள் மாவட்டக் கிளைக்கு நேரில் போய் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: அடுத்த வகுப்பு எப்போது? தமிழில் நடக்குமா? கட்டணம் எவ்வளவு? ஊரில் பலர் சேர்ந்து கேட்டால், பயிற்றுநரை ஊருக்கே அழைக்க முடியுமா என்றும் விசாரிக்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பாடசாலை அதிபர் ஆகியோரூடாகக் கடிதம் கொடுப்பது நல்லது.

முதலுதவிச் சான்றிதழ் பொதுவாகக் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். காலாவதித் திகதியைக் குறித்து வைத்து, அதற்கு முன் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

போர்க் காலத்திலும் முகாம்களிலும் காயக்காரரைத் தூக்கியவர்களும் கட்டுப் போட்டவர்களும் உங்களிடையே பலர் இருக்கிறீர்கள். அந்தக் கைப்பழக்கம் பெறுமதியானது. ஆனாலும் வகுப்புக்குப் போங்கள். அன்று வேறு வழியின்றிச் செய்த சில முறைகள் இன்று கைவிடப்பட்டுள்ளன. கையில் ஒரு சான்றிதழும் கிடைக்கும்.

3. வகுப்புக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

பின்வருவன பயிற்சிக்கு ஈடல்ல. ஆயினும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

அழைப்பு: 1990ஐ அழையுங்கள். தமிழில் பேசலாம். மாவட்டம், ஊர், வீதி, அருகிலுள்ள கோயில் அல்லது பாடசாலை, என்ன நடந்தது, எத்தனை பேர் என்பவற்றைச் சொல்லுங்கள். கேள்விகள் முடியும் முன் தொலைபேசியை வைக்க வேண்டாம். புதிதாகத் திறந்த ஒழுங்கைகள் சாரதிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே ஒருவரைச் சந்தியில் நிறுத்துங்கள். இரவென்றால் அவர் கையில் டோர்ச் இருக்கட்டும்.

பாம்புக்கடி: கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை அசையாதபடி தடி வைத்துக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டவோ, கீறவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். சில பாம்புகள் கடித்தால் வலி தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்றாலோ, கண்ணிமை தொங்கினாலோ பாம்புக்கடியாக இருக்கலாம் என்று எண்ணி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்குதான் உண்டு.

இரத்தப்போக்கு: சுத்தமான துணியை வைத்துக் காயத்தின் மேல் நேராக, விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

நீரில் மூழ்கியவர்: தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதாலும் வயிற்றை அமுக்குவதாலும் நேரம் வீணாகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாய்வழி மூச்சுக் கொடுத்து, பின் நெஞ்சழுத்தத்தைத் தொடங்குங்கள். வளர்ந்தவருக்கு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பது கணக்கு.

கண்ணிவெடி: வெடித்து ஒருவர் விழுந்துவிட்டால் அவரிடம் ஓடிப் போகாதீர்கள். பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம். அவரை அசையாமல் இருக்கச் சொல்லிச் சத்தமிட்டுப் பேசுங்கள். உடனே உதவிக்கு அழையுங்கள். தாயோ தகப்பனோ ஓட முற்பட்டால் பிடித்து நிறுத்துங்கள். செய்வதற்கு மிகக் கடினமானது இதுதான். ஆனால் இதனால் இரண்டாவது உயிர் தப்பும்.

4. ஆவணங்களைத் தயார் செய்தல்

திறமை இருந்தும் ஆவணம் இல்லாததால் வாய்ப்பை இழப்பவர்கள் மீள்குடியேறிய குடும்பங்களில் அதிகம். விளம்பரம் வந்தபின் ஓடினால் முடிவுத் திகதி தாண்டிவிடும். இப்போதே தொடங்குங்கள்.

• பிறப்புச் சான்றிதழ்: தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.
• தேசிய அடையாள அட்டை: கிராம அலுவலரூடாக விண்ணப்பிக்க வேண்டும்.
• க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள்: சான்றிதழ் அழிந்திருந்தாலும் பதிவு பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கும். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால் வேலை இலகு. சுட்டெண் நினைவில்லையென்றால் படித்த பாடசாலையில் விசாரியுங்கள்.
• இந்தியாவில் பிறந்த பிள்ளைகள்: இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. இலங்கைக் குடியுரிமையைப் பதிவுசெய்த பின்னரே அடையாள அட்டைக்கு வழி திறக்கும். அங்கு படித்த பாடசாலைச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள்.

5. தொழிலுக்குச் செல்லும் வழி

சுவசெரிய சேவையை, 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான 1990 சுவசெரிய மன்றம் நடத்துகிறது. ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் கல்வித் தகைமை, வயதெல்லை, உடற்தகுதி என்பன தரப்பட்டிருக்கும். அந்த விளம்பரத்தை வரிவரியாக வாசியுங்கள். ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமல் விடவும் வேண்டாம், பொருந்தாத இடத்தில் காசைச் செலவழிக்கவும் வேண்டாம்.

தெரிவானவர்கள் வகுப்பறையிலும் வண்டியிலும் பயிற்சி பெறுவார்கள். மூச்சுப்பாதையைத் திறப்பது, ஒட்சிசன் கொடுப்பது, முறிவை அசையாமல் கட்டுவது, வண்டியிலேயே பிரசவம் பார்ப்பது, அழைப்பு நிலையத்தின் ஆலோசனைப்படி நடப்பது என்பன அங்கு கற்பிக்கப்படும். இரவு பகல் முறைமாற்று வேலை இது. இரத்தத்தையும் மரணத்தையும் அடிக்கடி காண வேண்டியிருக்கும். பழைய நினைவுகள் உங்களை இன்னும் நித்திரை கொள்ள விடாவிட்டால், முதலில் அதற்கு உதவி பெறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிங்களத்தில் பேசப் பழகுவதும் நன்மை தரும். பெண் பிள்ளைகளும் இந்த வழியில் செல்லலாம்.

உடனே இடம் கிடைக்காவிட்டால் பராமரிப்பு உதவியாளர் போன்ற தேசிய தொழிற் தகைமைப் பயிற்சியைப் பற்றி விசாரியுங்கள். இந்தத் தகைமையில் 7 மட்டங்கள் உண்டு: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தாதியராக விரும்புவோருக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன.

6. பணம் கட்டுவதற்கு முன்

“ஆறு மாதத்தில் பராமெடிக், வேலை நிச்சயம், வெளிநாடும் போகலாம்” என்று யாராவது உங்கள் வீடு தேடி வந்தால் நிதானியுங்கள். வீடு கட்டக் கிடைத்த காசையோ அடகு வைத்த நகையையோ ஒரு தாளுக்காக இழந்துவிடக் கூடாது. முதலில் இவற்றைக் கேளுங்கள்:

• நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? பதிவிலக்கம் என்ன?
• வழங்கும் சான்றிதழ் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழா, அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழா?
• செயன்முறைப் பயிற்சி எந்த வைத்தியசாலையில் நடக்கும்?
• கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தருவார்களா?

பதிவிலக்கத்தைச் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். பிரதேச செயலகத்தில் உள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் காட்டிக் கேட்டபின் முடிவெடுங்கள்.

7. இந்த மாதம் நீங்கள் செய்யக்கூடியவை

• 1990 என்ற இலக்கத்தையும் உங்கள் வீட்டுக்கு வரும் வழியையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுத்து வாசிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் பார்த்துச் சொல்லிப் பழகட்டும்.
• வீட்டில் ஒருவரை முதலுதவி வகுப்புக்குப் பதிவு செய்யுங்கள்.
• ஆவணங்களில் எது இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் எழுதுங்கள்.
• கிணற்றுக்குச் சுற்றுக்கட்டுக் கட்டும் வரை பலகையால் மூடி வையுங்கள்.

வீட்டில் கலந்து பேசுவதற்கு: இன்றிரவு உங்கள் வீட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் யார் தொலைபேசி எடுப்பது, யார் நெஞ்சை அழுத்துவது, யார் சந்தியில் நிற்பது? மூன்று கேள்விக்கும் மூன்று பெயர் சொல்ல முடிந்தால் இந்தப் பாடத்தை நீங்கள் கற்றுவிட்டீர்கள். இல்லையென்றால் அந்தப் பெயர்களை இன்றே தீர்மானியுங்கள்.