காது அடைப்பு: எந்த டெஸ்ட், யாருக்கு?

காது அடைத்திருக்கிறது என்று போனால் ஒரு டாக்டர் லைட் அடித்துப் பார்த்துச் சொட்டு மருந்து எழுதுவார். இன்னொருவர் டிம்பனோகிராம் எடுக்கச் சொல்வார், வேறொருவர் ஆடியோகிராம் என்பார். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுபவை.

லைட் அடித்துப் பார்ப்பதுதான் முதலில். தலைக்குக் குளித்ததும் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் குறும்பி ஊறிப்போயிருக்கும். பட்ஸ் போட்டுக் குடைபவர்களுக்கு அது இன்னும் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். காதை மூடும் அளவுக்குக் குறும்பி இருக்கும்போது டிம்பனோகிராம் எடுத்தால் கோடு தட்டையாக வந்து ஆளைக் குழப்பும். சுத்தம் செய்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள். செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று தெரியும்வரை வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் வேண்டாம்.

காது சுத்தமாக இருந்தும் அடைப்பு போகவில்லையா? சளி பிடித்த பிறகோ விமானப் பயணத்துக்குப் பிறகோ வந்த அடைப்புக்கு டிம்பனோகிராம் பொருத்தம். ரப்பர் முனையைக் காதில் செருகி, 226 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டபடி காற்றழுத்தத்தை மாற்றிப் பறை எவ்வளவு அசைந்துகொடுக்கிறது என்று பார்ப்பார்கள். லேசாக அழுத்துவது போலிருக்கும், சில விநாடிகளில் முடிந்துவிடும். அதுவரை பேசவோ எச்சில் விழுங்கவோ கூடாது. தாளில் மலைமுகடு நடுவில் வந்தால் ஏ வகை, இயல்பு. இடப்பக்கம் நகர்ந்திருந்தால் சி வகை: மூக்கின் பின்புறத்தோடு நடுக்காதை இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் சரியாகத் திறக்கவில்லை. முகடே இல்லாவிட்டால் பி வகை. அப்போது பக்கத்தில் அச்சாகியிருக்கும் கன அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு அது 1 மி.லி.யை ஒட்டி இருந்தால் பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம்; 2-ஐ நன்றாகத் தாண்டினால் ஓட்டை இருக்கலாம். வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் சின்னக் குழந்தைகளுக்கும் வசதி. கைக்குழந்தைக்கு மட்டும் 1000 ஹெர்ட்ஸில் எடுக்க வேண்டும்.

ஆனால் இது கேட்கும் திறனை அளப்பதில்லை. ‘ஏ’ வந்துவிட்டது, பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. திடீரென்று ஒரு காது அடைத்து, கேட்பதும் மந்தமாகி, பறையும் நன்றாக இருந்தால் உள்காது நரம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் குறும்பி, நீர் போன்ற தடையாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் போனால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதையேதான். நரம்பைச் சந்தேகித்தால் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சொட்டு மருந்தில் அந்த நாட்களைக் கழித்துவிடாதீர்கள்.

பெரியவர் ஒருவருக்கு ஒரே காதில் நீர் கோத்து, வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால் காது டெஸ்ட்டோடு நிறுத்தாமல் மூக்கின் பின்புறத்தையும் எண்டோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வளரும் கட்டிகூடச் சில நேரம் முதலில் காதடைப்பாகத்தான் தெரியவரும்.